பெயிண்ட்டுக்கும் பொருத்தம் பார்க்கணும் ஸார்!

2000-ம் வருஷ நவராத்திரி. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டுக் கொலுவுக்குத் தெர்மாகோலில் ஒரு கோயில் கட்டியிருந்தேன். நாலு நாள் உழைப்பு. ஐந்து நிலை ராஜகோபுரம், உச்சியில் குண்டூசிக் கலசம். வெள்ளையாகவே விட்டால் கோயிலா, கல்யாண கேக்கா என்று வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பதால், பக்கத்து வீட்டு அண்ணன் பைக்குக்காக வாங்கி வைத்திருந்த கோல்டு ஸ்ப்ரேயை இரவல் வாங்கி, 'புஸ்ஸ்' என்று ஓர் அடி அடித்தேன்.

கோபுரம் தங்கமாக மாறியது. மூன்று செகண்டுக்கு. அப்புறம் முதல் நிலை உள்ளே போயிற்று. பின்னாலேயே இரண்டாவது. கலசம் சாய்ந்து, மண்டபம் குழிந்து, அம்மா சுண்டல் கரண்டியோடு வந்து பார்த்தபோது கோயில் இருந்த இடத்தில் கடல்கொண்ட பூம்புகார் இருந்தது.

"பரவாயில்லடா. கேக்கறவங்ககிட்ட தெப்பக்குளம்னு சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

பெயிண்ட் என்பது வெறும் கலர் இல்லை, அதற்குள் ஒரு திரவம் ஒளிந்திருக்கிறது, அதற்குப் பசி எடுத்தால் கீழே இருப்பதையே தின்றுவிடும் என்று அன்றைக்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்டேன். ஆனால் பாதிதான். மீதிப் பாதியை 2023-ல் அப்பாவின் ஏரோப்ளேனை வைத்துக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

அப்பாவுக்கு ஏது ஏரோப்ளேன் என்று கேட்காதீர்கள். அப்பா 1971 கடைசியில் இந்திய விமானப் படையில் ஏர்மேனாகச் சேர்ந்தவர். ஜாலஹள்ளியில் ட்ரெயினிங் முடித்து, வடக்கே ஒரு ஸ்குவாட்ரனில் நாட் விமானங்களுக்கு என்ஜின் ஃபிட்டர். பதினைந்து வருஷம் கழித்து வெளியே வந்து பாங்க்கில் கிளார்க் ஆனார். நான் பிறந்தது அதற்கப்புறம். எனக்குத் தெரிந்த அப்பா டோக்கன் கொடுத்து, செல்லான் எண்ணி, டிபன்பாக்ஸோடு வந்து சேரும் பாங்க் அப்பாதான். பழைய அப்பாவுக்கு ஒரே சாட்சி, பீரோவில் இருக்கும் பூத்துப்போன கறுப்பு வெள்ளை போட்டோ. நாலு பேர் ஒரு குட்டி விமானத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, சொந்த மாட்டைக் காட்டுவது மாதிரி நிற்பார்கள். இடதுகோடி, அப்பா. நாலு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை.

நாட் என்றால் கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி. பெட்டர் என்ற ஆங்கிலேய டிசைனர், 'சண்டை விமானங்கள் வரவர யானை மாதிரி பெருத்து, விலையும் ஏறிக்கொண்டே போகிறதே' என்று கவலைப்பட்டு வரைந்தது. முதலில் பறந்தது 1955-ல். பிரிட்டிஷ்காரர்கள் அதைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டு ஸீட் போட்டுப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். நாம்தான் 1956-ல் லைசென்ஸ் வாங்கி, பெங்களூரில் ஹெச்.ஏ.எல்.லில் சொந்தமாகச் செய்தோம். 1965 யுத்தத்தில் இந்தக் கொசு, பாகிஸ்தானின் அமெரிக்க ஸேபர் விமானங்களைக் கடித்த கடியில் 'ஸேபர் ஸ்லேயர்' என்று பட்டப் பெயரே வந்தது. 1971 டிசம்பர் 14-ம் தேதி, ஸ்ரீநகர் ரன்வே மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட்டில் ஏறிக் கிளம்பி, ஸேபர்களோடு மோதி உயிரைக் கொடுத்தவர் நிர்மல்ஜித் சிங் ஸேகோன். விமானப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருத்தர்தான்.

மூக்கு முதல் வால் வரை ஒன்பது மீட்டர்கூடக் கிடையாது. 1/72 அளவு மாடலில் சுமார் 12 செ.மீ. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பேனாவை விடச் சின்னது.

அப்பாவுக்கு 2023 ஜூனில் பீமரத சாந்தி. எழுபது வயசுக்காரருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? வேஷ்டி நாற்பது இருக்கிறது. நாட் மாடல் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். சுலபமாகக் கண்ணில் படுவதெல்லாம் ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டிய சிவப்பு கலர், இரண்டு ஸீட் ட்ரெயினர். நம்முடையது ஒற்றை ஸீட். தேடிப் பிடித்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். கிட்டின் விலையை விட கஸ்டம்ஸ், கூரியர் என்று வந்த உபரிச் செலவு அதிகம். (பி.காம். படித்தவன் இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று மனைவி கேட்டாள். 'நல்லெண்ணம்' என்றேன். குட்வில்!)

கிட் என்றால் விமானம் ஆயத்தமாக வராது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம் எல்லாம் பலாச்சுளை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டியது நம் பொறுப்பு. இதற்கென்றே பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1939-ல் ஆரம்பித்தபோது காற்றடைத்த ரப்பர் பொம்மை செய்துகொண்டிருந்தது. ஜப்பானின் டாமியா 1946-ல் ஷிஸுவோகாவில் மரக்கடையாக ஆரம்பித்தது. மரக்கடை வைத்திருக்கும் வாசகர்கள் மனம் தளர வேண்டாம்.

பரிசாகக் கொடுக்க நினைத்ததுதான், ஆனால் பார்சல் வந்த அன்றே அப்பா மோப்பம் பிடித்துவிட்டார். "என்னடா அது?" பிரித்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆர்ஃபியஸ் என்ஜின் எங்கே?" என்றார். வெளியில் தெரியாததால் என்ஜின் கொடுப்பதில்லை என்றேன். "ஏமாத்தறான்" என்றார். மறுநாள் சாயங்காலம் கேட்காமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்று வாரம், ஸார். அவர் கை லேசாக நடுங்கும், அதனால் நான் பிடித்துக்கொள்வேன், அவர் ஒட்டுவார். "இதுக்கு ஏணியே வேண்டாம்டா, தரையில நின்னே வேலை பார்க்கலாம்" என்று ஆரம்பித்து, முப்பத்தாறு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னார். அம்பது டிகிரி வெயிலில் உலோகத்தைத் தொட்டுக் கை வெந்தது, குளிரில் ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொண்டது, போட்டோவில் வலதுகோடியில் நிற்பவர் சப்பாத்திக்கு வடகம் தொட்டுச் சாப்பிட்டது. கடைசியில் இறக்கை, வால் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு நாட் மேஜை மேல் நின்றது. முழுக்க முழுக்க அப்பா கட்டியது.

"பெயிண்ட்டை நீ பாத்துக்க" என்றார்.

அங்கேதான் சனி உட்கார்ந்தான்.

நான் ஒன்றும் தெரியாமல் இறங்கியதாக நினைக்காதீர்கள். தெர்மாகோலும் மாடல் பிளாஸ்டிக்கும் அண்ணன் தம்பி. இரண்டுமே பாலிஸ்டைரீன்தான். ஒன்று காற்றடைத்து உப்பியது, இன்னொன்று கெட்டி. ஹார்ட்வேர் கடை ஸ்ப்ரே நேரடியாகப் பட்டால் கரைந்துவிடும் என்று கொலு அனுபவம் சொல்லிற்று. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். முதலில் பளபளப்புக் கறுப்பு எனாமல். வெள்ளி கலர் நன்றாக மினுங்க வேண்டுமென்றால் அடியில் பளபளக் கறுப்பு இருப்பது நல்லது, இது மாடல்காரர்கள் எல்லோரும் செய்வது. அந்த எனாமலே பிளாஸ்டிக்குக்குக் கவசம் மாதிரியும் ஆயிற்று. அதன் மேல் வெள்ளி. 1965-ல் நம் நாட் விமானங்கள் வெறும் உலோகப் பளபளப்போடுதான் பறந்தன.

எனாமல் மேல் எது அடிக்கலாம் என்றும் படித்தேன். 'அக்ரிலிக் அடிக்கலாம்' என்று இருந்தது. நேரே எங்கள் ஏரியா ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கார் வீலுக்கு அடிக்கும் வெள்ளி ஸ்ப்ரே இருந்தது. டப்பாவில் கொட்டை எழுத்தில் 'அக்ரிலிக்' என்று போட்டிருந்தது. "இது எதுல வேணா ஒட்டும் ஸார்" என்றார் கடைக்காரர். குரோம்பேட்டையில் குடியிருந்துகொண்டு குரோம் கலர் அடிக்கத் தெரியாவிட்டால் எப்படி என்று வாங்கி வந்தேன்.

எனாமல் அடித்து ஒரு நாள் ஆயிற்று. விரலால் தொட்டேன். ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது! மொட்டை மாடிக்குப் போய், மூக்கில் மாஸ்க் கட்டி, காற்று பார்த்து, 'புஸ்ஸ்'.

முதல் பத்து செகண்ட் அப்படியே சின்ன ஹெச்.ஏ.எல். தயாரிப்பு. வெயிலில் மின்னிற்று. அப்பாவைக் கூப்பிடலாம் என்று திரும்பினேன். மறுபடி பார்த்தால், இறக்கையில் ஒரு சுருக்கம். காய்ச்சிய பால் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் தொட்டால் எப்படிச் சுருண்டு மடியும், அப்படி. கண்ணெதிரே அது இறக்கையிலிருந்து முதுகுக்கு ஏறி, வால் வரை போயிற்று. அரை நிமிஷத்தில் அப்பாவின் விமானம் எண்பது வயசுப் பாட்டியின் முழங்கை மாதிரி ஆகிவிட்டது. வாலின் ஓரத்தில் கறுப்பையும் தாண்டி உள்ளே புகுந்து, பிளாஸ்டிக்கே மெழுகு மாதிரி இளகியிருந்தது.

சாந்திக்கு இன்னும் ஒன்பது நாள்.

கீழே இறங்கி வந்து மேஜையில் வைத்தேன். முதலில் பார்த்தது மனைவி. "என்னங்க இது... கீழ் கோட் காயறதுக்குள்ள மேல் கோட் போட்டீங்களா? நெயில் பாலிஷ்ல அவசரப்பட்டா இப்படித்தான் சுருங்கும். இதுக்கா நாலு நாள் ராத்திரி படிச்சீங்க?" என்றாள். நெயில் பாலிஷுக்கு ஆதாரம் நைட்ரோ செல்லுலோஸ், கடையில் நாம் கேட்கும் என்.சி. தின்னரில் வரும் அதே என்.சி. ஆக, விஷயம் தெரிந்தவள் ஒருத்தி ஆறு வருஷமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். கேட்கத் தோன்றவில்லை.

அப்பா வந்தார். பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. விரலால் அந்தச் சுருக்கத்தை மெதுவாகத் தடவினார். "ஏண்டா, வேற எதுலயாவது அடிச்சுப் பாத்தியா?" என்றார்.

"இல்லப்பா."

"நாங்க ஒரு சின்ன டச்-அப் பண்ணணும்னாலும் முதல்ல ஒரு துண்டு அலுமினியத்துல அடிச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஹிண்டு பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. டார்ச் அடித்து ஸ்ப்ரே டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். எறும்பு சைஸ் எழுத்தில் டொலுவீன், அஸிடோன் என்று இருந்தது. பாலன்ஸ் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டு, அடியில் குட்டி எழுத்தில் இருக்கும் 'நோட்ஸ் டு அக்கவுண்ட்ஸ்' படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் நான்.

என்னைக் கவிழ்த்தது 'அக்ரிலிக்' என்ற வார்த்தை. அது பெயிண்ட்டுக்குள் இருக்கும் பிசினின் பெயர். அந்தப் பிசினைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாலும் அக்ரிலிக்தான், ஆல்கஹாலில் கொடுத்தாலும் அக்ரிலிக்தான், டொலுவீனில் கொடுத்தாலும் அக்ரிலிக்தான். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் டப்பாவில்கூட அந்த வார்த்தை இருக்கும். எனாமல் மேல் அடிக்கலாம் என்று நான் படித்தது தண்ணீர் ஜாதியை. நான் அடித்தது லாக்கர் ஜாதியை. (லாக்கர் என்று அப்பாவிடம் சொன்னபோது "எந்த பிராஞ்ச்?" என்றார். இது வேறு லாக்கர்.) பிசினின் பெயரைப் பார்க்கக் கூடாது ஸார், எதில் கரைத்திருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பு, 'காய்ந்துவிட்டது' என்று நினைத்தது. லாக்கர் காய்வது துணி காய்கிற மாதிரி. உள்ளிருக்கும் தின்னர் ஆவியாகப் போனால் வேலை முடிந்தது. ஆனால் எப்போது தின்னரைக் காட்டினாலும் மறுபடி கரையும். எனாமல் அப்படி இல்லை. தின்னர் போனபிறகு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுக வேண்டும். முதலில் மேல்தோல் இறுகும், உள்ளே இன்னும் கொழகொழ. தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுசாகக் கெட்டியாகப் பல நாள், கனமாக அடித்திருந்தால் வாரக்கணக்கில்கூட ஆகும். அந்த நிலைமையில் டொலுவீன் மேலே வந்து விழுந்தால் தோல் வழியாக உள்ளே இறங்கும். உள்ளே இருப்பது ஊதும். தோலுக்கு இடம் போதாது, மடிந்து சுருளும். பால் ஆடை உதாரணம் சும்மா அழகுக்குச் சொல்லவில்லை, நடப்பதே அதுதான்.

இதையே திருப்பிப் போட்டால் ஒன்றும் ஆகாது. லாக்கர் கீழே, அது காய்ந்தபின் எனாமல் மேலே, அல்லது தண்ணீர் அக்ரிலிக் மேலே என்றால் பிரச்னை வராது. எனாமலுக்குப் போடும் டர்பன்டைனுக்கு லாக்கரைக் கரைக்கத் தெம்பு இல்லை. கோயம்பேட்டுக்கு லாரி ஏற்றுகிறவரைக் கேளுங்கள், அரிசி மூட்டை அடியில், தக்காளிக் கூடை மேலே என்பார். நான் தக்காளி மேல் அரிசி மூட்டையைப் போட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். பெயிண்ட்டுக்கு அவ்வளவு இல்லை. பெயிண்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும், பெயிண்ட்டுக்கும் அதில் கலக்கும் தின்னருக்கும், கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே அடிக்கும் வார்னிஷுக்கும். இதில் தின்னர் பொருத்தத்தை நான் முன்னாலேயே கெடுத்துப் பார்த்தவன். தண்ணீரில் கரையும் வயேஹோ பெயிண்ட்டில், டாமியா அக்ரிலிக்குக்கான ஆல்கஹால் தின்னரை ஊற்றினேன். இரண்டுமே 'அக்ரிலிக்'தானே! எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி திரிந்து, ஸ்ப்ரே கன்னின் மூக்கை அடைத்துக்கொண்டது. அம்மா எட்டிப் பார்த்து, "பன்னீர் பண்றியா?" என்றாள்.

ஒரே கம்பெனி என்றால் ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். டாமியாவிலேயே எக்ஸ்-1 என்றால் பளபளக் கறுப்பு. அக்ரிலிக்கிலும் எக்ஸ்-1, எனாமலிலும் எக்ஸ்-1. ஒரே ஆபீஸில் இரண்டு எஸ். முருகன் இருந்து ஒருத்தர் இன்க்ரிமெண்ட் இன்னொருத்தருக்குப் போகிற மாதிரி, நம்பரை மட்டும் சொல்லி வாங்கினால் மாறிப்போகும்.

மறுநாள் காலை அப்பா என் அறைக்கு வந்தார். கையில் பிரேக் ஆயில் பாட்டில்.

"மெக்கானிக் கிட்ட வாங்கினேன். பைக் டேங்க்ல இது சிந்தினா பெயிண்ட் வழண்டு வரும். இதுக்கும் வருமா பாரு."

பாருங்கள், மாடல்காரர்கள் உலகம் பூராவும் பழைய பெயிண்ட்டை உரிக்க உபயோகிப்பதில் அதுவும் ஒன்று. நான் உடனே விமானத்தைத் தூக்கி அதில் போடப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "மறுபடியுமா?" என்றார்.

பாகங்களை வெட்டி எடுத்தபின் மிச்சமாகும் பிளாஸ்டிக் சட்டம் குப்பையில் கிடந்தது. அதே கம்பெனி, அதே பிளாஸ்டிக், காசில்லாத துண்டு அலுமினியம்! அதில் ஒரு துண்டுக்கு எனாமல், மேலே வெள்ளி அடித்து, வேண்டுமென்றே சுருங்கவிட்டு, பிரேக் ஆயிலில் ராத்திரி முழுக்கப் போட்டோம். காலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. வளைத்துப் பார்த்தோம், பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. அப்புறம்தான் விமானம் உள்ளே போயிற்று. கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாளில் சாம்பல் நிற நாட் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் ஒட்டு விட்டிருந்தது. இளகிய வாலோரத்தை அப்பாவே புட்டி வைத்துத் தேய்த்தார். கண்ணாடி மூடியை இன்னும் ஒட்டாமல் வைத்திருந்ததால் அது பிழைத்தது.

சாந்தி அன்றைக்கு விமானம் அந்தச் சாம்பல் கோலத்திலேயே ஷோகேஸில் நின்றது. "என்ன மாமா, பிளேனுக்குத் தீபாவளி டிரஸ் எடுக்கலையா?" என்று ஒரு உறவினர் கேட்டார். "தையக்காரன் சரியில்ல" என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

அப்புறம் நிதானமாகச் செய்தோம். முன்பெல்லாம் இந்த மாதிரிச் சோதனைக்கு ஐஸ்கிரீம் கடை பிளாஸ்டிக் ஸ்பூன் சௌகரியம், மழமழவென்று விமான உடம்பு மாதிரியே வளைவு இருக்கும். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் ஸ்பூனுக்குத் தடை. சட்டமும், கிட்டில் உபரியாகக் கிடைத்த பாகங்களும்தான் கைகொடுத்தன. மாடல்களுக்கென்றே விற்கும் மென்மையான லாக்கர் வகை. ப்ரைமர், கறுப்பு, வெள்ளி மூன்றும் ஒரே ஜாதி. சட்டத்தில் நாலு துண்டு வெட்டி, எதில் எது எதன் மேல், எத்தனை மணி நேரம் கழித்து என்று டேப்பில் எழுதி ஒட்டி, துணிக் கிளிப்பில் மாட்டி, மாடிக் கொடியில் தொங்கவிட்டோம். விமானத்துக்கு என்ன செய்யப் போகிறோமோ அதையேதான் துண்டுக்கும் செய்ய வேண்டும் என்பதில் அப்பா கறார். அதே வரிசை, அதே கனம், அதே காத்திருப்பு. துண்டுக்கு மட்டும் மெல்லிசாக ஒரு கோட் அடித்துவிட்டு 'பாஸ்' என்றால் அது காப்பியடித்த பாஸ்.

காய்ந்ததும் நகத்தால் கீறிப் பார்த்தோம். டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்த்தோம். பிறகு வாசனை. முழுசாகக் காயாத பெயிண்ட், முக்கியமாக எனாமல், மூக்கருகே கொண்டு போனால் வாசம் காட்டும். தினம் காலை காபி கையில் வருவதற்கு முன்பே அப்பா மாடிக்குப் போய் ஒவ்வொரு துண்டாக மோந்து, "மூணாம் நம்பர் இன்னும் வரலை" என்று ரிப்போர்ட் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று விசாரித்தார்.

நடுவில் ஒரு நாள் மழை. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி பூத்துவிடும். அதையும் துண்டுதான் காட்டிக்கொடுத்தது. இரண்டு நாள் காத்திருந்தோம்.

சாந்தி முடிந்து பதினோராம் நாள், வெள்ளி அடித்தேன். அப்பா பக்கத்தில் நின்றார். இருவரும் மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தோம். சுருங்கவில்லை. அலுமினியத் தகடு மாதிரி மின்னியது. காய்ந்ததும் வட்டச் சின்னங்களை ஒட்டி, கண்ணாடி மூடியை மாட்டி, ஷோகேஸில் அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவுக்கு முன்னால் நிறுத்தினேன்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாரா என்று சரியாகத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குடா" என்றார். "ஆனா எங்க பிளேன் வெள்ளி இல்லை."

"என்னது?"

"வெள்ளி எல்லாம் அறுபத்தஞ்சுல. நான் போனப்ப யுத்தத்துக்காக அவசர அவசரமா அடிச்ச பச்சையும் பிரவுனும். திட்டுத் திட்டா இருக்கும்."

"அப்பா! ரெண்டு மாசமா பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ வெள்ளி வெள்ளின்னு ஆசையா சொல்லிட்டிருந்தே. ஷோகேஸ்ல பளபளன்னு இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டேன்."

நான் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் எல்லாமே சாம்பல். அப்பா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். வலதுகோடி ஆசாமியின் கைக்குப் பின்னால் ஒரு நிழல் மாதிரி இருந்ததைக் காட்டி, "அதான் பிரவுன்" என்றார்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

"ஏண்டா, லாக்கர் மேல எனாமல் அடிக்கலாம் இல்ல?"

"அடிக்கலாம்ப்பா. அரிசி மூட்டை கீழதான் இருக்கு."

"எதுக்கும்..." என்றபடி அப்பா மேஜை டிராயரைத் திறந்து, மிச்சமிருந்த சட்டத்தைத் தேட ஆரம்பித்தார்.